வக்கீலுக்கு ரஸ்க் கொடுத்தவன் எழுதுவது

மதிப்புக்கும் அன்புக்கும் உரிய மைத்துனர் அவர்களுக்கு,

அத்தான் எழுதுவது. இங்கே நான், உங்கள் அக்கா, உங்கள் மருமகள், நாய் ஆகிய நால்வரும் நலம். நாயின் நலம் மற்ற மூவர் நலத்தைவிட ஒரு படி மேலாகவே இருக்கிறது. அங்கே நீங்களும் வீட்டில் எல்லோரும் நலமென்று நம்புகிறேன். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று உங்கள் அக்கா கேட்கச் சொன்னாள். கேட்டுவிட்டேன். இதையெல்லாம் தொலைபேசியிலேயே சொல்லலாம்தான். ஆனால் எப்போது கூப்பிட்டாலும் நீங்கள் கூட்டத்தில் இருக்கிறீர்கள். மேலும் நான் சொல்ல வந்ததை முதலிலிருந்து வரிசையாகச் சொன்னால்தான் விளங்கும்.

விஷயம் இதுதான். உங்கள் அலுவலகத்து ஆவண அறையில் ஓர் இடம் காலியாகிறது, மருமகளுக்குப் பேசி வைத்திருக்கிறேன் என்று போன மாதம் சொன்னீர்களே, அதை இந்த மாதக் கடைசிவரை யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை நேரில் வந்து அவளிடம் நீங்களே பேச வேண்டும். அப்பன் சொன்னால் கேட்கமாட்டாள், தாய்மாமன் சொன்னால் காது கொடுப்பாள். அவள் இந்தத் தொலைக்காட்சி நாய்ப் பயிற்சியை விட்டே ஆக வேண்டும் என்ற முடிவுக்கு நான் ஏன் வந்தேன் என்பதைக் கீழே எழுதுகிறேன். பொறுமையாகப் படியுங்கள்.

இந்தத் தொழில் எப்படி ஆரம்பித்தது என்பது உங்களுக்கு அரைகுறையாகத்தான் தெரியும். படித்தது வணிகவியல். படிப்பு முடிந்து சும்மா இருந்த நேரத்தில் எங்கள் குடியிருப்புச் சங்கச் செயலாளரின் நாய் லிஃப்டில் ஏற மறுத்தது. அவர் வீடு ஐந்தாவது மாடி. நாயைத் தூக்கிக்கொண்டு படியேறி அவருக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. இவள் போய் லிஃப்ட் வாசலில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டாள். நாய் லிஃப்டை ஒரு முறை திரும்பிப் பார்த்தால் ஒரு துண்டு பிஸ்கட், ஒரு காலை உள்ளே வைத்தால் இரண்டு துண்டு, வைக்காவிட்டால் ஒன்றும் இல்லை, திட்டும் இல்லை. குடியிருப்பில் பாதிப் பேர் இவளைத் தாண்டித்தான் லிஃப்டில் ஏற வேண்டியிருந்தது. பதினோராம் நாள் அந்த நாய் தானாகவே லிஃப்டில் ஏறிக்கொண்டது. அதற்குப் பிறகு அதை இறக்குவதுதான் பெரும்பாடாகப் போயிற்று. செயலாளர் ஊரெல்லாம் சொன்னார். அப்புறம் நாய் மருத்துவர் ஒருவரின் கிளினிக்கில் வரவேற்பு மேஜை வேலை. அங்கே ஒரு நாள் ஒரு தொலைக்காட்சித் தயாரிப்பாளர் தன் நாயோடு வந்தார். அது எடை பார்க்கும் மேடையில் ஏற மறுத்து மேஜைக்கடியில் போய்ப் படுத்துக்கொண்டது. தயாரிப்பாளர் அதட்டினார், மருத்துவர் இழுத்தார், கம்பவுண்டர் பின்னாலிருந்து தள்ளினார். இவள் மூவரையும் வெளியே அனுப்பிவிட்டுப் பத்து நிமிடத்தில் நாயை மேடையில் உட்கார வைத்தாள். அடுத்த வாரம் காலை நிகழ்ச்சியில் ஐந்து நிமிடம் கொடுத்தார்கள். ஆறே மாதத்தில் வாராவாரம் அரை மணி நேரம். நிகழ்ச்சியின் பெயர் 'வாலாட்டும் நேரம்'. பெயரைக் கேட்ட அன்றைக்கே, மகள் என்ன செய்கிறாள் என்று யார் கேட்டாலும் 'ஊடகத்துறை' என்று சொல்லுவதாக முடிவெடுத்தேன்.

அவளுடைய முறையைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வம்பே அதில்தான் இருக்கிறது. அவள் கையில் விரல் அளவு ஒரு பிளாஸ்டிக் டப்பி வைத்திருப்பாள். அழுத்தினால் 'டிக்' என்று சத்தம் வரும். நாய் சரியாக ஒன்றைச் செய்த அந்தக் கணமே டிக், உடனே வாயில் தீனி. இரண்டு விநாடிக்குள் கொடுத்துவிட வேண்டும். அதற்கு மேல் போனால் எதற்காகப் பாராட்டினார்கள் என்று நாய்க்குத் தெரியாது. தவறாகச் செய்தால் அடி கிடையாது, அதட்டல் கிடையாது. முதுகைத் திருப்பிக்கொண்டு நிற்க வேண்டும். அவ்வளவுதான். குரைத்துப் பார்த்துவிட்டு, பயனில்லை என்று தெரிந்ததும் நிறுத்திவிடுமாம். நிறுத்தின உடனே டிக்.

மச்சான், நான் முப்பத்து நான்கு வருடம் அச்சகத்தில் பிழை திருத்தியவன். என் வேலை தவறைக் கண்டுபிடிப்பது. சரியாக இருக்கிற வரிக்கு அடியில் யாராவது சிவப்புக் கோடு போடுவார்களா. நான் திருத்திய புத்தகம் பிழையில்லாமல் வெளிவந்தால் அதைப் பற்றி ஒருவரும் பேசமாட்டார்கள். ஒரு பிழை தப்பிவிட்டால் மேலாளர் அறைக்குக் கூப்பிடுவார்கள். நான் வளர்ந்ததும் அப்படி, பெண்ணை வளர்த்ததும் அப்படி. அவள் தொண்ணூற்றாறு வாங்கி வந்தபோது மீதி நான்கு எங்கே என்று கேட்டது நான்தான், மறுக்கவில்லை. அப்படிப்பட்டவன் வீட்டுப் பெண், தவறைப் பார்க்காதே, சரியை மட்டும் பார் என்று ஊருக்கெல்லாம் பாடம் நடத்தினால் அது யாரைச் சொல்கிற மாதிரி இருக்கிறது, நீங்களே சொல்லுங்கள்.

அவள் இப்போது ஸ்டுடியோ பக்கத்தில் ஓர் அறை எடுத்துத் தங்கியிருப்பது உங்களுக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமைதான் வருவாள். வந்ததும், "இந்த வாரம் பார்த்தீங்களாப்பா?" என்பாள். "எனக்கு வேற வேலை இருந்துது" என்பேன். இரண்டு வருடமாக இதே கேள்வி, இதே பதில். உண்மையில் ஒரு வாரம்கூட நான் தவறவிட்டதில்லை. கோடு போட்ட நோட்டு ஒன்று வைத்துக்கொண்டு, நிகழ்ச்சியில் அவள் செய்யும் பிழைகளை எண் போட்டு எழுதி வந்தேன். என்றைக்காவது உட்கார வைத்துப் பேசும்போது ஆதாரம் வேண்டுமே என்பதற்காக. உங்கள் அக்கா அந்த நோட்டைப் பார்க்கும்போதெல்லாம் எழுந்து உள்ளே போய்விடுவாள்.

இப்போது நாய்க்கு வருகிறேன். அவள் அறைக்குப் போகும்போது எங்களிடம் விட்டுப்போன நாய் அது. உடம்பெல்லாம் கறுப்பு, கழுத்தில் மட்டும் வெள்ளைப் பட்டை, எதற்கும் ஆட்சேபம் தெரிவிக்கும். அதனால் பெயர் வக்கீல். அவளே பழக்கியது. பாயில் உட்கார் என்றால் உட்காரும், எடுத்து வா என்றால் எடுத்து வரும், தங்கமான நாய். ஒரே ஒரு குறை. நிகழ்ச்சியின் ஆரம்ப இசை கேட்டதும் தொலைக்காட்சியைப் பார்த்துக் குரைக்கும். அந்தச் சத்தத்தில் நான் எப்படிப் பிழை எழுதுவது. அதனால் குரைத்ததும் ஒரு துண்டு ரஸ்க் போடுவேன். வாய் மூடிவிடும். இரண்டு நிமிடம் கழித்து மறுபடி குரைக்கும், இன்னொரு துண்டு. நாளடைவில் நான் கொடுக்கத் தாமதமானால் முழங்காலில் முன்னங்காலை வைத்து நோட்டைப் பிடித்து இழுக்க ஆரம்பித்தது, ஏனென்றால் ரஸ்க்கை நோட்டுக்குள்தான் செருகி வைத்திருப்பேன். அது நோட்டை இழுத்தால் அதற்கும் ஒரு துண்டு. சனியன் விட்டால் போதும் என்றுதான் கொடுத்தேன். இரண்டு வருடம் வாராவாரம் நான் என்ன சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன் என்பது எனக்கு உறைக்கவே இல்லை.

போன வாரம் நூறாவது நிகழ்ச்சி. நேரடி ஒளிபரப்பு. அதற்கு நான்கு நாள் முன்னால் அவள் வந்தபோது முகமே சரியில்லை. நிலையத் தலைவருக்கு இந்த மென்மையான முறை அலுத்துவிட்டதாம். பெல்ட்டைச் சுழற்றிக்கொண்டு நாயை அதட்டி அடக்குகிற ஓர் ஆசாமியைப் பார்த்து வைத்திருக்கிறாராம். திட்டினால்தான் ஜனங்கள் பார்ப்பார்கள் என்கிறாராம். நூறாவது நிகழ்ச்சி நன்றாகப் போனால் இன்னொரு வருடம், இல்லாவிட்டால் அந்த பெல்ட்டுக்காரர். எனக்கு நிலையத் தலைவர் சொல்வது நியாயமாகத்தான் பட்டது. நல்லவேளை, அதைச் சொல்வதற்குள் உங்கள் அக்கா என் தட்டில் இன்னும் கொஞ்சம் போட்டு என் வாயை அடைத்துவிட்டாள்.

நிகழ்ச்சியன்று காலை அவளிடமிருந்து போன். நிகழ்ச்சிக்குப் பழக்கி வைத்திருந்த நாய்க்கு வயிற்றுப்போக்கு. ஒத்திகையில் டிக்குக்கு மேல் டிக்காகத் தின்று தீர்த்திருக்கிறது. "அப்பா, வக்கீலை உடனே கூட்டிட்டு வாங்க. வேற எந்த நாயையும் நம்ப முடியாது. அஞ்சு நிமிஷம் பாயில சத்தம் போடாம உக்காரணும், அவ்வளவுதான். அவன் கண்ணை மூடிட்டுப் பண்ணுவான்" என்றாள். கூட்டிக்கொண்டு போனேன். கையில் பை, பைக்குள் நோட்டு. நூறாவது வாரத்தை மட்டும் எழுதாமல் விட முடியுமா. நோட்டுக்குள் வழக்கம்போல ரஸ்க்.

ஸ்டுடியோ என்றால் ஏதோ மாளிகை என்று நினைத்திருந்தேன். கிடங்கு மாதிரி ஓர் இடம், தரையெல்லாம் ஒயர். மூன்றாவது வரிசையில் என்னை உட்கார வைத்தார்கள். மேடையில் பச்சைப் பாய், பாயின் மேல் வக்கீல், அதன் மூக்குக்கு ஒரு சாண் தள்ளித் தட்டு நிறைய பிஸ்கட். அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது. ஒருவர் மூன்று, இரண்டு, ஒன்று என்று விரலை மடக்கினார். ஆரம்ப இசையைப் போட்டார்கள்.

வக்கீல் எழுந்து நின்று குரைத்தது. மகள் பதறவில்லை, முதுகைத் திருப்பிக்கொண்டாள். அது அவளைப் பார்த்துக் குரைக்கவில்லை, மச்சான். கூட்டத்தில் என்னைத் தேடிக் குரைத்தது. கண்டுபிடித்துவிட்டது. நான் செய்த தவறு இதுதான்: பழக்கதோஷத்தில் என் கை பைக்குள் போய்விட்டது. அவ்வளவுதான், அது ஒரே தாவில் இறங்கி இரண்டு வரிசை ஆட்களை மிதித்துக்கொண்டு வந்து, பையிலிருந்து நோட்டை உருவிக்கொண்டு திரும்பி ஓடி, மேடையில் நின்ற தொகுப்பாளினியின் காலடியில் போட்டுவிட்டு உட்கார்ந்துகொண்டது. அந்தப் பெண் இதுவும் நிகழ்ச்சியில் ஒரு பகுதி என்று நினைத்துக்கொண்டாள். நோட்டைப் பிரித்து மைக்கில் படிக்க ஆரம்பித்தாள்.

"பிழை பதினாலு. வணக்கம் சொல்லும்போது நேயர்களைப் பார்க்காமல் நாயைப் பார்த்தாள். பிழை அறுபத்தொன்று. சட்டையில் பிஸ்கட் தூள். பிழை இருநூற்று மூன்று. நாய் மூன்று முறை தவறு செய்தும் ஒரு முறைகூடக் கண்டிக்கவில்லை. பிழை எண்கள் நான்கு, ஒன்பது, பதினேழும் காண்க." கூட்டம் சிரித்தது. தொகுப்பாளினியும் சிரித்துக்கொண்டே புரட்டினாள். "பிழை முந்நூற்றுப் பதினொன்று. இளைத்திருக்கிறாள். சரியாகச் சாப்பிடுவதில்லை. பிழை முந்நூற்றுப் பதினெட்டு. இருமல், இது மூன்றாவது வாரம். மருந்து சாப்பிடுகிறாளா என்று அம்மாவை விட்டுக் கேட்கச் சொல்ல வேண்டும். பிழை நானூற்று இரண்டு. இன்று ஒரு முறைகூடச் சிரிக்கவில்லை. காரணம் தெரியவில்லை." அதோடு அந்தப் பெண் நிறுத்திவிட்டாள். மகள் முதுகைத் திருப்பியபடியே நின்றுகொண்டிருந்தாள். கையெழுத்தைப் பார்க்காமலே அவளுக்கு ஆள் தெரிந்துவிட்டது.

பிறகு திரும்பிக் கேமராவைப் பார்த்துப் பேசினாள். "இந்த நாய் எந்தத் தப்பும் பண்ணலை. இந்த மியூசிக் கேட்டா குரைக்கணும், நோட்டை எடுத்துட்டு வரணும்னு யாரோ இதுக்குச் சொல்லிக் கொடுத்திருக்காங்க. ரெண்டு வருஷம், ஒரு வாரம்கூட விடாம. என்னைவிட நல்ல பயிற்சி. அவர் கொஞ்சம் மேல வர முடியுமா?"

போனேன். வேறென்ன செய்வது, ஊரே பார்க்கிறது. அவள் என்னைத் திட்டவில்லை. ஒரு ரஸ்க்கைக் கையில் கொடுத்து, "அது குரைச்சா முதுகைக் காட்டுங்கப்பா. முறைக்காதீங்க, பேசாதீங்க. நிறுத்தினதும் ரெண்டு செகண்டுக்குள்ள குடுங்க" என்றாள். இசையை மறுபடி போட்டார்கள். வக்கீல் குரைத்தது. நான் நேயர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன். முதல் முறை தாமதமாகக் கொடுத்தேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாம் முறையும் தாமதம். அப்போதும் ஒன்றும் சொல்லவில்லை. அந்த மௌனம் எனக்கு மேலாளர் அறையைவிடக் கஷ்டமாக இருந்தது. மூன்றாம் முறை அது வாயை மூடின கணமே கொடுத்தேன். 'டிக்' என்று கேட்டது. "ரொம்ப நல்லா பண்ணினீங்கப்பா" என்றாள். அந்த டிக் நாய்க்கா எனக்கா என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. தொகுப்பாளினி ஒரு ரஸ்க்கை என்னிடம் நீட்டினாள். யோசிக்காமல் வாங்கித் தின்றுவிட்டேன். நேரடி ஒளிபரப்பு. உங்களிடம் மறைப்பானேன், முப்பத்து நான்கு வருடத்தில் யாரும் என்னிடம் அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. நான்காம் முறையும் சரியாகச் செய்தேன், யாரும் கேட்காமலே ஐந்தாம் முறையும் செய்தேன். ஐந்தாம் முறை வக்கீல் குரைக்கவே இல்லை.

நிகழ்ச்சி முடிந்ததும் நிலையத் தலைவர் கீழே இறங்கி வந்து என் கையைக் குலுக்கினார். இன்னொரு வருடம் உறுதி, பெல்ட்டுக்காரர் வேண்டாம், ஆனால் வாராவாரம் அப்பாவும் மேடைக்கு வர வேண்டும் என்றார். நான் நாயின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தேன். நடைவழியில் மகள் நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். "எல்லா வாரமும் பார்த்திருக்கீங்க" என்றாள். பிறகு, "நூறுல ஒண்ணுகூடவா சரியா வரலைப்பா?" என்று கேட்டாள். நான், பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று சொல்லிவிட்டு நாயை இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன். பஸ்ஸுக்கு இன்னும் அரை மணி நேரம் இருந்தது.

இப்போது இங்கே என் நிலைமையைக் கேளுங்கள். முடி வெட்டுகிற கடையில் தலையை நேராக வைத்தேன், கடைக்காரர் நாக்கால் 'டிக்' என்று சத்தம் கொடுக்கிறார். வங்கியில் படிவத்தை ஒழுங்காக நிரப்பியதற்கு கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருக்கும் பெண் ஒரு பிஸ்கட் தருகிறாள். சங்கச் செயலாளர் லிஃப்ட் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, "ஒரு காலை உள்ள வைங்க சார், பார்ப்போம்" என்கிறார். இந்த வயதில் இது எனக்குத் தேவையா. ஆகையால் நீங்கள் ஞாயிற்றுக்கிழமை அவசியம் வந்து, ஆவண அறை வேலையின் நன்மைகளை எடுத்துச் சொல்லி, அவளை இதிலிருந்து மீட்டுக் கொடுக்க வேண்டும். உங்களைத்தான் மலைபோல நம்பியிருக்கிறேன்.

உங்கள் வீட்டில் அனைவரையும் விசாரித்ததாகச் சொல்லவும். பிள்ளைகள் நன்றாகப் படித்து, நல்ல வேலையில் அமர்ந்து, பெற்றவர்களை மேடையில் ஏற்றாமல் நீண்ட காலம் வாழ என் ஆசிகள்.

இப்படிக்கு,
என்றும் உங்கள் நலம் நாடும்
அத்தான்

பின்குறிப்பு: கடிதத்தை மடிப்பதற்குமுன் உங்கள் அக்காவிடம் படிக்கக் கொடுத்தேன். முழுவதும் படித்தாள். முதுகைத் திருப்பிக்கொண்டு அடுப்பைப் பார்த்து நின்றாள். நான் ஆவண அறை வேலையின் சிறப்புகளை எடுத்துச் சொன்னேன். முதுகு. செயலாளர் லிஃப்டில் செய்ததைச் சொன்னேன். முதுகு. "காபி ஆச்சா?" என்று கேட்டேன். அதற்கும் முதுகுதான். அப்போதுதான் எனக்குப் பளிச்சென்று பட்டது, நான் நோட்டை எடுக்கும்போதெல்லாம் இவள் ஏன் உள்ளே எழுந்து போனாள் என்று. மகள் யாரிடம் இந்தத் தொழிலைக் கற்றாள் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. குரைப்பதை நிறுத்தினேன். போனை எடுத்து மகளைக் கூப்பிட்டேன். "அன்னிக்கு நீ நல்லா பண்ணினேம்மா. அன்னிக்கு மட்டும் இல்ல. செயலாளர் வீட்டு நாயிலேருந்தே நல்லாத்தான் பண்றே. தொண்ணூத்தாறும் நல்ல மார்க்குதான்" என்றேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ என்று பயந்து, "ரெண்டு செகண்டுக்குள்ள சொல்லியிருக்கணும், தெரியும். ரொம்ப லேட்டாயிடுச்சு" என்றேன். "ரெண்டு செகண்ட் நாய்க்குத்தான்ப்பா" என்றாள். "நாங்கல்லாம் காத்துட்டு இருப்போம்." போனை வைத்துவிட்டுத் திரும்பினால் உங்கள் அக்கா காபியோடு நிற்கிறாள். எண்ணிப் பார்த்தேன், இரண்டு விநாடிகூட ஆகவில்லை. எனவே ஆவண அறை வேலையை வேறு நல்ல ஆளாகப் பார்த்துக் கொடுத்துவிடவும். ஞாயிற்றுக்கிழமை வாருங்கள், ஆனால் அவளிடம் ஒன்றும் பேச வேண்டாம், சாப்பிட்டுவிட்டுப் போங்கள். புதன்கிழமை எனக்கு ஸ்டுடியோவில் ஒத்திகை. உறையில் முகவரி எழுதித் தபால்தலையும் ஒட்டிவிட்டதால் வேறு கடிதம் எழுதவில்லை. மேலே உள்ள பக்கங்களில் உங்கள் முழங்காலைப் பற்றி விசாரித்த வரி மட்டும் சரி. மற்றதையெல்லாம் பிழை என்று கொண்டு நீக்கிவிடவும்.